ஆறடி பதினோரு அங்குலத்துக்கு ஒரு பொன்னாடை

தமிழ்ச் சங்க விழாக்களில் நான் பயப்படுவது அறிமுக உரைக்குத்தான். சாப்பாடு தாமதமாகும், மைக் கத்தும், குழந்தைகள் ஆடும்போது பாட்டு பாதியில் நின்றுபோகும். அதெல்லாம் பழகிவிட்டது. சிறப்பு விருந்தினரை மேடையில் உட்காரவைத்துவிட்டு அவர் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார்களே, அதைக் கேட்கத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

அப்படிப்பட்ட நான்தான் அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் காப்பெல் ஊரில் எங்கள் சங்க விளையாட்டு விழாவுக்கு ஒரு சிறப்பு விருந்தினரைப் பிடித்துக் கொடுத்தேன். என் பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்கர், முன்னாள் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர். நான் சான்டா கிளாராவில் பேச்சிலராக நண்பர்களோடு தங்கியிருந்த காலத்தில் அவரை டிவியில் பார்த்திருக்கிறேன். கல்லூரியை முடிப்பதற்குள்ளேயே ஒரு பெரிய அணி அவரைத் தூக்கிக்கொண்டு போனது. இனி இவர் ராஜ்ஜியம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒவ்வோர் அணியாக மாறினார். பிறகு எந்த அணியிலும் அவர் இல்லை. இப்போது வீட்டுக் காப்பீடு விற்கிறார்.

ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இப்படிப்பட்ட வீரர்களைப் பற்றிய பேச்சு தானாக வந்துவிடும். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கூடாத சகவாசம். பாவம் என்று ஆரம்பித்து, சோம்பேறி என்று முடிப்பார்கள். நாம் மட்டும் என்ன ஒழுங்கு? பிளஸ் டூவில் ஸ்டேட் ரேங்க் வாங்கிய ஒரு பையன் எல்லாச் சொந்தத்திலும் இருப்பான். அவன் பாட்டுக்குக் கல்யாணப் பந்தியில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "எப்படி வந்திருக்க வேண்டியவன்" என்று அவன் காதுபடவே சொல்வோம்.

விழாவுக்கு வரச் சொன்னதும் என் பக்கத்து வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். எந்த மேடைக்குப் போனாலும் தான் என்னவாக ஆகவில்லை என்பதைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்க இனி முடியாது என்றார். அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது, அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். கடைசியில், "உன்னை நம்பி வருகிறேன்" என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமான சம்மதம் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம பிரசிடென்ட் சாரைப் பத்தித் தெரிஞ்சுமா ப்ராமிஸ் பண்ணிட்டு வந்தீங்க?"

நியாயமான கேள்விதான். எங்கள் சங்கத் தலைவர் ரிட்டயர் ஆனவர், தங்கமான மனிதர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். அவரிடம் போய், "சார், கேம் பத்தி எதுவுமே வேணாம். நம்ம ஊர்க்காரர், நல்ல நெய்பர், அவ்வளவுதான்" என்று கெஞ்சினேன்.

"அதுக்கென்ன தம்பி, ஷார்ட்டா முடிச்சிடறேன்" என்றார். இதை அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்.

விழா அன்று முதலில் பொன்னாடை. தலைவர் எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. விருந்தினர் குனிந்தார், அப்போதும் எட்டவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவந்து, அதன்மேல் தலைவரை ஏற்றி, இருவர் பிடித்துக்கொள்ள, பொன்னாடை ஒருவழியாகத் தோளில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. விருந்தினரும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாடா, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன்.

தலைவர் இறங்கி வந்து இன்னொரு மைக்கை என் கையில் திணித்தார். "நான் தமிழ்ல பேசறேன், நீங்க அப்படியே இங்கிலீஷ்ல ட்ரான்ஸ்லேட் பண்ணிடுங்க. கெஸ்டுக்குப் புரியணும்ல."

பிறகு குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். "இன்னைக்கு நம்ம மத்தியில இருக்கிறவர் உச்சிக்குப் போயிருக்க வேண்டியவர். அந்த முட்டி மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று தன் முட்டியையே தடவிக் காட்டினார்.

கொடுத்த வாக்கு கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. வாயில் வந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஆலங்கட்டி மழையில் எங்கள் கூரைக் கண்ணாடி உடைந்த அன்று, நான் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தபோதே தார்ப்பாயைப் போட்டு மூடியவர் இவர்."

முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் பேச்சு மும்முரத்தில் இருந்தார். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்வாங்க."

"பனியில் கரண்ட் போன வாரம் என் மாமியாரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கணப்பருகில் உட்காரவைத்தவர். மாமியார் வைத்த ரசத்தை இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தவர்" என்றேன். இப்போது கூட்டம் சிரித்தது.

"எவ்வளவு பெரிய இழப்பு" என்றார் தலைவர், சிரிப்பு ஏன் என்று புரியாமல்.

"வண்டி நிறுத்த மட்டும் இவருக்குத் தெரியாது. இவர் டிரக்கின் பாதி எப்போதும் என் டிரைவ்வேயில்தான் நிற்கும்."

தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "தம்பி, நான் சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணா இருக்கே."

"வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

என்னைப் பார்த்தார், விருந்தினரைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா? "மீதியைத் தம்பி சொன்ன மாதிரியே எடுத்துக்கோங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சங்க வரலாற்றிலேயே சின்ன அறிமுக உரை அதுதான்.

விருந்தினர் எழுந்தார். தனக்குத் தமிழ் தெரியாது என்றார். ஆனால் குரல் தாழ்வதும் கை முட்டிக்குப் போவதும் பல ஊர்களில் பார்த்தவைதான், தலைவர் என்ன சொன்னார் என்று தெரியும் என்றார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நான் மொழிபெயர்ப்பையே வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சாம்பார் சாத வரிசையில் என்னைத் தேடி வந்து செல்போனை நீட்டினார். மேடையில் சொன்னதை இன்னொரு முறை சொல்ல வேண்டுமாம், பதிவுசெய்து அம்மாவுக்கு அனுப்பப் போகிறாராம். அவர் அம்மா பல மேடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த முட்டி உரையையே கேட்டவராம். ஒவ்வொரு முறையும் ஒன்றும் பேசாமல் வீடு திரும்புவாராம். கையில் தட்டோடு, தார்ப்பாய், ரசம், டிரக் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் வேலியருகே வந்தார். அம்மா உடனே போன் செய்தாராம். அடுத்த வீட்டுக்காரர் இடத்தில் வண்டியை நிறுத்துகிறாயே, உன்னை இப்படியா வளர்த்தேன் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம். பந்தாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார்.