சாயங்கால மாத்திரை

ஒன்பது வயதில் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. செய்தபோதோ, அதற்காக யாராவது ஒரு பேனா பரிசு கொடுப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மாவும் பெரியம்மாவும் இப்போது இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில், பெரியம்மா வீடு அடுத்த சந்தில். அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே கார்மென்ட்ஸில் தைத்தவர்கள். ஒரு பன் வாங்கினாலும் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்பார்கள். நோயும் அப்படித்தான் வந்தது. பெரியம்மாவுக்கு வயிறு உப்பியபோது கேஸ், கேஸ் என்று சொல்லியே மாதக்கணக்கில் ஓட்டினார்கள். கடைசியில் சினைப்பையில் புற்றுநோய், பரவியும் விட்டது என்று தெரிந்தது. இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்தவளையும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் விடாப்பிடியாகச் சொன்னதால் அம்மாவும் போனாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆனாலும் இருந்தது. "அக்கா வயிறு காட்டிக் குடுத்துச்சு, நான் பொழச்சேன்" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்ததும் அம்மாவை ஒரு ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். நோய் திரும்பி வராமல் தடுக்குமா என்று பார்க்கிற புது மாத்திரை. எந்தக் கடையிலும் கிடைக்காது. காலை ஒன்று, மாலை ஒன்று. பெரியம்மாவும் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய கிட்னி சரியில்லை என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

மாத்திரை போட்டதும் டிக் அடிக்க ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. ஆகவே அந்த உத்தியோகம் எனக்கு. காலை மாத்திரையை அம்மா என் கண் முன்னால் விழுங்குவாள். மாலை மாத்திரையைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுப்பாள். நான் அடுத்த சந்துக்கு ஓடி, பெரியம்மா தண்ணீர் ஊற்றி விழுங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்து இரண்டாவது கட்டத்தில் டிக் அடிப்பேன். "உனக்கும் சேத்துத்தான் குடுக்கறாங்கக்கா" என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். பெரியம்மா நம்பினாள், நானும் நம்பினேன்.

நாலாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. குறைந்திருக்க வேண்டியது ஏறியிருந்ததாம். பக்கத்திலிருந்த நர்ஸ் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஜாணே!" என்று கன்னடத்தில் கொஞ்சினாள். கெட்டிக்காரி என்று அர்த்தம். ரெண்டு வேளையும் சரியாகக் கொடுக்கிறாயா என்று கேட்டாள்.

விடுவேனா? "காலைல அம்மாவுக்கு, சாயங்காலம் பெரியம்மாவுக்கு. ஒரு நாள்கூட விட்டதில்ல!" என்றேன்.

நர்ஸின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். நான் மட்டும் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஒரே வியாதிதானே மேடம்," என்றாள் அம்மா. "நான் மட்டும் எப்படித் திங்கறது?"

டாக்டரம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. குரலே எழும்பாமல் பேசினார். பாதி மருந்து அம்மாவைக் காப்பாற்றாது, அந்தப் பாதியே பெரியம்மாவின் கிட்னியைத் தின்றுவிடும். இனி அம்மா அந்த ஆராய்ச்சியில் இருக்க முடியாது, மாத்திரையும் தர முடியாது. அக்காவை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். அம்மா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் கையை விலக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

இவ்வளவு பேச்சில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் மாத்திரை கிடையாது. காய்ச்சல் விட்டால்தானே மாத்திரையை நிறுத்துவார்கள்? அப்படியானால் அம்மாவுக்குச் சரியாகிவிட்டது! பஸ்ஸில் அம்மா ஏன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள் என்று விளங்கவில்லை. தெருமுனையில் இறங்கியதும் அவளைப் பின்னால் விட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் பறந்தேன்.

பெரியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பெரிம்மா, அம்மாவுக்கு மாத்திரைய நிறுத்திட்டாங்க!" என்று மூச்சிரைக்கக் கத்தினேன். ஏண்டி என்று கேட்டாள். கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ரெண்டும் அம்மாவோடதாம், பாதி உங்களுக்குக் குடுத்துட்டாளாம், அதனால இனிமே தர மாட்டாங்களாம், உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

முறம் சாய்ந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது. பெரியம்மா எழுந்து பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள். விரலைத் தொண்டைக்குள் விட்டுக் குடைந்து குடைந்து வாந்தி எடுத்தாள். வெறும் நுரைதான் வந்தது. மறுபடியும் விரலை விட்டாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. முதுகைத் தடவி, அப்படி என்னத்தைத் தின்றீர்கள் பெரிம்மா என்று கேட்டேன்.

எச்சில் ஒழுக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்கம்மாவைத்தாண்டி," என்றாள்.

பெரியம்மா எப்போதும் என்னிடம் இப்படி ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாள். நான் சிரித்துவிட்டேன்.