அடுப்புக்குப் போன புத்தகங்கள்

அடுப்பைச் சுற்றி இருந்தது அப்பா, அம்மா, அத்தை, இருமிக்கொண்டிருந்த தம்பி, அப்புறம் நான். நடுவில் ஒரு சாக்கு நிறையப் புத்தகம்.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். மேனேஜர் குடும்பம் சாமான்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. வாட்ச்மேன் பங்களாவைத் திறந்துவிட்டார். தோட்டக் கூலிகளான லைன் வீட்டு ஜனங்கள் கட்டில், நாற்காலி, திரைச்சீலை என்று தூக்கினார்கள். அப்பா எதற்கும் கடைசியாகப் போகிறவர்.

"ஏனுங்க, ஊரே கட்டிலத் தூக்கிட்டுப் போகுது. நீங்க காயிதத்தத் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் அம்மா.

கடைசியில் காகிதம்தான் உதவியது. எங்கள் நடுவட்டத்து மலையில் ஆடி மழைக்கு விறகும் ஈரம், சுவரும் ஈரம். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி சும்மா பற்றாது.

என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருந்தார்கள். பகலில் ஒரு புத்தகம் படிப்பேன். சாயங்காலம் அது அடுப்புக்குப் போகும்.

சமையல் புத்தகத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு கைப்பிடி முந்திரி. எங்களுக்கு ரேஷன் அரிசிக் கஞ்சி. அதை நானே கிழித்துப் போட்டேன். வைத்தியப் புத்தகம் உடம்புக்கு ஆகாதது என்று முதலில் டீயைச் சொன்னது. இதைப் படித்துத்தான் எல்லாரும் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் போல என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை. சாமி புத்தகத்தை அம்மா கண்ணில் ஒற்றி மேலே வைத்தாள். மழை விடவில்லை. அதுவும் போனது.

மலை பார்க்க வந்த யாரோ எழுதிய ஒன்று. அதில் பெண்கள் பாடிக்கொண்டே கொழுந்து பறித்தார்கள். வாசித்துக் காட்டினேன்.

"கால்ல அட்டை ஏறுனா பாட்டு தானா வரும். அதையும் எழுதிக்கச் சொல்லு" என்றாள் அத்தை. கிழிக்கக்கூட இல்லை. முழுசாக உள்ளே தள்ளினாள்.

எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கதைப் புத்தகம். ஒரு பிள்ளையைப் பட்டணத்தில் பெரிய வீட்டு வேலைக்கு விடுகிறார்கள். டம்ளர் உடைந்ததற்கு அந்த வீட்டுக்காரி சூடு வைக்கிறாள். பாதியில் இருட்டிவிட்டது. நாளைக்கு எரிக்கலாம் என்று கெஞ்சினேன். அம்மா சரி என்றாள்.

காலையில் அம்மா கதவோரம் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் கடைசிப் பக்கங்கள் எல்லாம் அடுப்பில் எரிந்தன. பின்னாலிருந்து கிழித்திருந்தாள்.

குடத்தை உதைத்தேன். சாக்கில் வேறு புத்தகமே இல்லையா என்று கத்தினேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"அந்தப் புள்ள ஊட்டுக்கு வந்துட்டா கண்ணு. அவ்வளவுதான் கதை."

"அப்புறம் எதுக்கும்மா எரிச்ச?"

அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அதற்குமேல் நான் அவளோடு பேசவில்லை.

அந்த வாரமே எனக்குத் தலை பின்னி பஸ் ஏற்றினார்கள். கோயமுத்தூரில் ஒரு வீடு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மழை தொடங்கும் முன்பே பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதை போச்சே என்றுதான் கோபம்.

அந்த வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம். துடைக்கலாம். திறக்கக் கூடாது.

கதை அப்படி முடிந்திருக்காது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மா மேல் இருந்த கோபம் பிற்பாடு போய்விட்டது. எஸ்டேட்டை மூடியவர்கள் மேலும் அந்த அலமாரி வீட்டின் மேலும் இருந்தது போகவில்லை.

பஸ் ஏறும்போது வயது பதினொன்று.