உதிரி மாத்திரையோடு வராத காகிதம்

கண்ணை மூடிக்கொண்டே ஏனாத்தூர் போய்வருவேன் என்று சிட்டிபாபு அடிக்கடி சொல்வது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். 2003ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அது நிஜமாகிவிடும் போலிருந்தது.

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு அவர் பேருந்து ஓட்டினார். பதினான்கு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. இப்போது மூன்று நாளாக, பிள்ளையார்பாளையத்தில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினால் போதும், கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டார், தொடையைக் கிள்ளிக்கொண்டார், பாட்டைச் சத்தமாக வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தார். அது நினைவுக்கு வந்ததிலிருந்து சிட்டிபாபுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

“இன்னாத்துக்கு இப்டி நடந்துக்கினே இருக்கீங்க? உக்காருங்களேன்,” என்றாள் மனைவி வடிவு.

“கால் மரத்துப்போச்சு, வேற ஒண்ணும் இல்ல.”

வெளியே சொன்னால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம்.

நான்காம் நாள் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு நொடி அசந்துவிட்டார். விழித்தபோது இடது சக்கரம் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கியிருந்தது. எதிரே வாய்க்கால். உடம்பு முழுவதையும் பிரேக்கில் போட்டு மிதித்தார். வாய்க்காலுக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது. ஏதோ வேடிக்கை என்று பின்னால் மாணவர்கள் விசிலடித்தார்கள். முன் இருக்கையில் இருந்த சமஸ்கிருத ஆசிரியை ரமாமணி மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“உடம்புக்கு என்ன, சிட்டிபாபு?”

“மேலெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துது மேடம். மாத்திரை போட்டுக்கினு இருக்கேன்.”

“அதோட ஒரு பேப்பர் வந்திருக்குமே, பார்த்தேளா?”

“பேப்பரா? பத்து மாத்திரையை அட்டையோட வெட்டிக் குடுத்தாங்க, அவ்ளோதான்.”

“கடைக்குப் போய்க் கேளுங்கோ. இன்னிக்கு இனிமே ஓட்டாதேங்கோ.”

கல்லூரி வாசல் கூப்பிடு தூரம். எல்லாரும் இறங்கி நடந்தார்கள். இன்னொரு ஓட்டுநர் முனிசாமி வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். டயர் புதைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டு, சிட்டிபாபு டவுன் பஸ் பிடித்து மருந்துக்கடைக்குப் போனார்.

அன்று மாத்திரை கொடுத்த தேவகியம்மாதான் கடையில் இருந்தார். “டப்பாவுக்கு ஒரு பேப்பர்தான்பா வரும். நாங்க வெட்டிக் குடுக்கறோமா, அது டப்பாவுலயே தங்கிடுது,” என்று அலமாரியில் துழாவி, எட்டாக மடித்திருந்த ஒரு தாளை எடுத்தார். எல்லாம் ஆங்கிலம், எறும்பு ஊர்வது போல எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார்.

“தூக்கம் வரும். வண்டி ஓட்டக்கூடாது, மிஷின்ல வேலை செய்யக்கூடாதுன்னு போட்டுக்குது.”

சிட்டிபாபுவுக்குக் காது சூடானது. “அன்னிக்கே ஏம்மா சொல்லல?”

“நீ டிரைவர்னு எனக்குத் தெரியாதுப்பா.” தாளைப் பழையபடி மடித்துக்கொண்டே, “கேட்டிருக்கணும். எம்மேலதான் தப்பு,” என்றார்.

“அப்ப சர்க்கரை இல்லியா எனக்கு?”

“அத இந்தப் பேப்பர் சொல்லாது. ரத்தம் பாத்தாத்தான் தெரியும்.”

சாயங்காலம், அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர் எதிரே உட்கார்ந்ததும், “நான் பஸ் ஓட்றவன் சார்,” என்றுதான் ஆரம்பித்தார்.

“இத மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“நீங்க கேக்கலியே சார்.”

டாக்டர் மாத்திரையை மாற்றினார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் வண்டியைத் தொடக்கூடாது என்றார். மறுநாள் காலை ரத்தம் கொடுத்த கையோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து, டயர் கதையை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். திட்டினார்கள். விடுப்பும் கொடுத்தார்கள். மத்தியானம் சர்க்கரை இல்லை என்று சீட்டு வந்தது. வடிவு விபூதி பூசிவிட்டாள்.

அப்படியும் மனசு ஓயவில்லை. மறுநாள் காலை, மாணவர்கள் பஸ் ஏறும் தெருமுனையில் போய் நின்றார். முனிசாமி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் பிடிக்கத் தாமதமானபோது சிட்டிபாபுவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பகலெல்லாம் வடிவிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் மறுபடி அதே முனை. பேருந்து வந்தது. ஏறிப் போன பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்களா என்று முகம் முகமாகப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினார்.