மூன்று சதவீதம் முந்தி

வணிகப் புள்ளிவிவர அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல வருடம் ஆகிறது. எல்லோருக்கும் அவள் ‘சதவீதம்’. உலகக் காகித ஏற்றுமதியில் நம் நாட்டின் பங்கு எவ்வளவு, பக்கத்து நாட்டின் பங்கு எவ்வளவு என்று பத்தொன்பது வருடமாக ஒரே அட்டவணையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள். கடைசியாக வந்ததில் நாம் ஏழு, அவர்கள் நான்கு. மூன்று சதவீதம் முந்தி என்று அமைச்சகத்தில் மார்தட்டிக்கொண்டார்கள்.

இந்த வருட அட்டவணை வேலையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி போன் செய்தான். காகித ஆலையில் சுருள் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன்.

“அக்கா, மெஷின் ஒரு வாரமா நிக்குது. வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் பக்கத்து நாட்டுக்குப் போயிடுச்சாம். முதலாளி உதவி கேட்டு அமைச்சகத்துக்கு மனு போட்டிருக்கார். கிடைக்கலைன்னா இழுத்து மூடிடுவாங்க.”

“நாமதானேடா முன்னாடி இருக்கோம்?”

சொல்லிவிட்டாளே தவிர, மண்டை குடைந்தது. துறைமுகக் கிடங்கின் சீட்டுகளை வரவழைத்துப் புரட்டினாள். பக்கத்து நாட்டுச் சுருள்கள் நம் கிடங்கில் இறங்கி, மேலுறை மட்டும் மாற்றிக்கொண்டு, மறுபடி கப்பலேறிப் போகின்றன. அத்தனையும் நம் கணக்கில்! அதைக் கழித்து அவர்கள் பக்கம் சேர்த்துப் பார்த்தால் நாம் நான்கு, அவர்கள் ஏழு.

இந்த அழகான வேலையைச் செய்த புண்ணியவான் யார் என்று பழைய கோப்பைத் தேடினால், அவளுடைய கையெழுத்தே பல்லிளித்தது. சேர்ந்த வருடம். ‘எந்த நாட்டுச் சரக்கு’ என்ற கட்டம் சீட்டுகளில் காலியாக இருந்தது. காலியாக விடாதே என்று அப்போதைய அதிகாரி அதட்டியதில், பயந்துபோய் ‘உள்நாடு’ என்று நிரப்பியிருக்கிறாள். பிறகு வருடா வருடம் ‘முன்போலவே’. சொந்தத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

இப்போதைய அதிகாரியிடம் ஓடினாள். “சார், தப்பு என்னோடதுதான். திருத்திடலாம்.”

“நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா இப்ப மாத்தினா பழைய வருஷங்களோட ஒப்பிட முடியாதே. அடுத்த வருஷம் ஒரு குழு போட்டுப் பார்ப்போம்.”

“அடுத்த வருஷம் ஆலையே இருக்காது சார்!”

“ஆலை நம்ம அட்டவணையில வராதும்மா.”

கரடியாய்க் கத்தியும் பயனில்லை. கடைசியில் உண்மையை அடிக்குறிப்பாகவாவது போடச் சம்மதிக்க வைத்தாள். அச்சாகி வந்தபோது அடிக்குறிப்புப் பக்கத்தைக் காணோம். கேட்டால், காகிதச் சிக்கனமாம்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். அமைச்சகத்தின் பதில் கடிதத்தை ஆலை வாசலில் ஒட்டியிருந்தார்களாம். அதன் நகல் கையில் இருந்தது. உலகச் சந்தையில் நம் காகிதம் முந்தி நிற்பதால் உதவிக்குத் தேவை எழவில்லை. இணைப்பு, அட்டவணை ஒன்று. அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து.

அவன் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவனோ சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

“ஆலையை மூடிட்டாங்கக்கா. மத்த ஆலையெல்லாம் நல்லாத்தான் ஓடுது போலிருக்கு. நாங்கதான் ஒழுங்கா வேலை பார்க்கல.”

“இல்லடா, என் கணக்குதான் தப்பு.”

அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“எனக்காகச் சொல்லாதக்கா. உன் கணக்கு என்னைக்கு தப்பாயிருக்கு?”