குட்டை பச்சையான கோடை

பனியனை வெளுப்பது சலவைக் காரம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். சலவைப்பட்டறையில் முழங்கால் தண்ணீரில் நின்று கால்விரல் வெந்துபோன உங்களுக்கும் எனக்கும் தெரியும், வெளுப்பது தண்ணீர்தான். அறுபதுகளில் மண்ணரை என்ற ஊரில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அதில் தண்ணீர் இறைத்து அலசு தொட்டியை நிரப்புவது என் வேலை. நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலை.

கிளிக்குச் சட்டை

கோடை மழை பெய்து, தோட்டத்து எருவெல்லாம் அடித்துக்கொண்டு வந்து குட்டையில் சேர்ந்தது. பிறகு நல்ல வெயில். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீரையே காணோம். பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் கரைக்குக் கரை கெட்டியாக நின்றது. முந்தின நாள் இல்லாத அவ்வளவும் ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்தது? குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மேஸ்திரி கருப்பணன் நிற்கவில்லை. நான் சாயத் தொட்டியைக் குட்டையில் கழுவிவிட்டேன் என்று நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னார். அன்று அலசிய துணியெல்லாம் பச்சை பாய்ந்திருந்தது. இன்னொரு தரம் துணி பச்சையானால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார். கீழக்கரையிலிருந்து சரக்கு எடுக்க வரும் பாய், காயப்போட்டிருந்த பனியனைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளை கேட்டேன், நீங்க கிளிக்குச் சட்டை தைச்சு வச்சிருக்கீங்க."

ஏறுவதும் இறங்குவதும்

வேலை போகிற பயத்தில் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பாலில் ஆடை கட்டியதுபோல் பச்சை மேலே நிற்கும். உச்சி தாண்டினால் மெல்ல இறங்கும். பொழுது சாயும்போது மேல்தண்ணீர் தெளிந்திருக்கும். மறுநாள் காலை பழையபடி மேலே வந்துவிடும். சாயங்காலம் இறைத்த தண்ணீரில் துணி ஓரளவு தேறியது. அதைச் சொன்னால் கருப்பணன் காதில் வாங்கவில்லை.

துணி பிழியும் பழனாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "குட்டை மூச்சு உடுதாட்ட இருக்குதுங்க, மெல்லப் பேசுங்க."

மயில்துத்தம்

முதலாளியிடம் சாயம் என்று சொன்ன கருப்பணனே, பாசியைக் கொல்லச் சாயக்காரரிடம் மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பை வாங்கிச் சாக்கில் கட்டிக் குட்டை முழுக்க இழுத்தார். பச்சை வெளுத்து, நீலம் பாய்ந்து, நுரையாகக் கரை ஒதுங்கியது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாற்றத்தில் பட்டறைக்குள் சோறு இறங்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடுகள் கால் உதறி விழுந்தன. கையில் அள்ளினால் ஒரு துளிகூடத் தனியாகத் தெரியாத ஒன்று, சாகும்போது இத்தனையையும் கூட்டிக்கொண்டு போகிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆட்டுக்கார நாச்சிமுத்து சண்டைக்கு வரவில்லை. மேஸ்திரியிடம் இவ்வளவுதான் சொன்னார்: "அது உசுரோட இருந்தப்ப என்ற ஆடு அதே தண்ணியத்தானுங்க குடிச்சுது; நீங்க கொன்ன பொறவுதான் செத்துது."

ஊற வைத்த மண்

பிறகு இரண்டு வருஷம் மழையே இல்லை. குட்டை வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. அதன்மேல் வண்டி போனது. பாசி ஒழிந்தது, தன் மருந்துதான் காரணம் என்று கருப்பணன் ஊரெல்லாம் சொன்னார். வீட்டுச் சுவருக்குப் பூசலாமென்று அந்த மண்ணில் ஒரு கூடை அள்ளிப்போய், பானையில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பூச்சு வேலை நின்றது; பானை வாசலிலேயே கிடந்தது.

குட்டை நிரம்பியது. வெயில் ஏறியதும் பழைய பச்சை. கருப்பணனும் நான் தொட்டி கழுவிய பழைய கதையையே சொன்னார். கணக்கு முடித்துக்கொண்டு போ என்றார் முதலாளி. வீட்டுக்கு வந்து பார்த்தால் பானையிலும் அதே பச்சை! வண்டிச் சக்கரத்துக்கு அடியில் புழுதியாகக் கிடந்தது, ஒரு கை தண்ணீருக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்து, இது சாயமே படாத கிணற்றுத் தண்ணீர், குட்டை மண்ணை மட்டும்தான் போட்டேன் என்றேன். சரக்குக்கு வந்திருந்த பாய் குனிந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "எங்க கடல்லயும் பூங்கோரைன்னு ஒண்ணு வரும் முதலாளி. கடலே பச்சையா நிக்கும், மீன் செத்து ஒதுங்கும், அப்புறம் காணாமப் போயிரும். எங்கேயும் போகாது, அடியில படுத்துக் கிடக்கும். அங்கேயும் இந்த ஆளா வந்து தொட்டி கழுவுனாரு?"

என் வேலை போகாமல் தப்பியது, அதற்கப்புறமும் எத்தனையோ கோடையில் அந்தப் பாசி வந்து போனது, அதன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. கருப்பணன்மேல்தான் இன்னும் தீரவில்லை.