உப்பில்லாத ஒன்பது நாட்கள்

பிரியமான சகோதரிகளே, சகோதரர்களே, நான் கேட்ட வரம் எனக்குக் கிடைக்கவில்லை. கலியாணம் நின்றுபோயிற்று. உடம்பும் முழுசாகக் குணமாகவில்லை. ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எதையும் அவசரமாகச் சொல்லிவிடுகிறவள். எங்கேயாவது தாவிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1936ஆம் வருஷம் பாஸ்காத் திருநாள் முடிந்ததும் எனக்கு நிச்சயமாயிற்று. வயது இருபது. வீடு நெல்லித்தோப்பில். அப்பா பஞ்சாலையில் மேஸ்திரி. மாப்பிள்ளை லூர்துநாதன் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம், லீவில் வந்திருந்தார். ஆகஸ்டு கடைசியில் அவருக்குக் கப்பல். அதற்குள் கலியாணம் முடிந்து நானும் ஏறிவிட வேண்டும். சைகோன் எந்தத் திசை என்று பள்ளிக்கூடத்துப் படத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன்!

அவர்கள் குடும்பத்தில் மணப்பெண் வெள்ளைக் கவுன்தான் போட வேண்டும். வாங்கித் தருவது மாப்பிள்ளை வீட்டார். என் அம்மா புடவை கட்டிப் பீடத்துக்கு முன் நின்றவள். கவுன் என்றதும் அவளுக்குப் பயம். எனக்கு ஒரே துள்ளல்.

ஆனால் துள்ளலுக்கு அடியில் ஒரு திகில் இருந்தது. மார்கழியில் தொண்டைவலியும் ஜுரமும் வந்து போனதிலிருந்து என் உடம்பு ஒரு நிலையில் இல்லை. காலையில் எழுந்தால் முகம் வீங்கிக் கண் இடுங்கியிருக்கும். சாயங்காலம் கொலுசு கணுக்காலில் அழுந்திவிடும். ஒரு வாரம் ரவிக்கை பிடிக்கும், மறு வாரம் தொளதொளக்கும். கலியாணப் பூரிப்பு என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன். நோய்க்காரி என்று தெரிந்தால் என்னை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுமே!

தேவமாதாவிடம் ஓடினேன். ஒன்பது நாள் நவநாள், ஒருவேளைக் கஞ்சி, அதிலும் உப்பில்லை என்று நேர்ந்துகொண்டேன். தாயே, இந்த வீக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது, கவுன் என் மேல் அளவாக நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் செபம். ஏன் வீங்குகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழாம் நாள் முகம் வற்றியது. ஒன்பதாம் நாள் கால் மெலிந்து கொலுசு ஆடியது. அழுதுகொண்டே நன்றி சொன்னேன். மறுநாள் அத்தை, அதாவது மாப்பிள்ளையின் தாயார், எங்களைக் கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரர் துணிக்கடைக்கு அழைத்துப் போனார். வெள்ளைச் சாட்டின் கவுன், முதுகில் இருபத்திரண்டு கொக்கி. கடைத் தையல்காரி ரெஜினா அக்கா இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். கொக்கிகள் எல்லாம் சரியாக மாட்டின. அத்தை என் கன்னத்தில் உதடு பதித்து முத்தி செய்தார்.

நவநாள் முடிந்த சந்தோஷத்தில் கருவாடும் ஊறுகாயுமாகத் தின்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தபோது கொக்கிகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. அக்கா தையலைப் பிரித்து அகலமாக்கினாள். அத்தை என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்துபோய் இரண்டாம் நவநாள் பிடித்தேன். அதே உப்பில்லாத கஞ்சி. அந்த நாட்களில்தான் கோவிலில் எங்கள் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லட்டும் என்று மூன்று ஞாயிறு பெயர்களைப் படிப்பார்களே, அதில் இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது. மறுநாள் திங்களன்று கடைக்குப் போனோம். கவுன் என் மேல் கோணி மாதிரி தொங்கியது.

"உன் இடுப்பு இன்னாம்மா, கடல் மாதிரி ஏறுது, எறங்குது? ஏதாவது ஒரு முடிவுக்கு வரச் சொல்லு, எனக்கு நூலு பத்தல" என்றாள் ரெஜினா அக்கா. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அத்தை சிரிக்கவில்லை. அக்காவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிலோமி, போன மாசம் வவுத்துல இருந்தது இந்த மாசம் எங்க போச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அத்தை கத்தவில்லை. டாக்டரிடம் காட்டுவோம், அவர் இல்லை என்று சொன்னால் உன் காலில் விழுகிறேன், காட்டாவிட்டால் சாமியாரிடம் போவேன் என்றார். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் தேவமாதாவோடு சண்டை போட்டேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதானே கேட்டேன்! இப்படி ஊர் நடுவே நிறுத்திவிட்டாயே! செபமாலையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர் வயிற்றை அதிக நேரம் பார்க்கவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அது நிரம்பவே இல்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் நவநாள், கஞ்சி, நேர்ச்சை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். எந்த நாளில் ஆரம்பித்தாய், எந்த நாளில் வற்றியது, மறுபடி எப்போது வீங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடுகாட்டினார். வெந்த முட்டை மாதிரி வெள்ளையாகத் திரிந்தது.

குழந்தை இல்லை, இருந்ததும் இல்லை. சிறுநீரகம் கெட்டிருக்கிறது. இந்த நோய்க்கு அவர் கொடுக்கும் முதல் வைத்தியமே உப்பை நிறுத்துவதுதானாம். அந்தப் பதினெட்டு நாள் இல்லாவிட்டால் நீர் நெஞ்சுவரை ஏறியிருக்கும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். இந்த நிலையில் கர்ப்பமானால் என் உயிருக்கு ஆபத்து. அதையும் நானேதான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன்.

அத்தை சொன்னபடியே குனிந்து என் காலைத் தொட்டார். நான் விலகிக்கொண்டேன்.

"பாவி நான், உன்ன தப்பா நெனச்சுட்டேன்" என்றார். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா எனக்கு ஒத்தப் புள்ள, பிலோமி" என்றார்.

மூன்றாம் ஞாயிறு எங்கள் ஓலை வாசிக்கப்படவில்லை. மற்ற இரண்டு ஜோடிகளின் பெயர்களைப் படித்துவிட்டுச் சாமியார் தாளை மடித்தார். பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். லூர்துநாதன் ஒருமுறை வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, தன் அம்மாவை மீற முடியவில்லை என்றார். போங்கள் என்றேன். கப்பல் போயிற்று. செப்டம்பர் முழுவதும் பாயில் கிடந்தேன். செபிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஒருநாள் டாக்டர் கேட்ட கேள்விகளை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். உப்பை விடு என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. கஞ்சி போதும் என்று நேர்ந்திருக்கலாம், வெறும் முழங்கால் செபமாக இருந்திருக்கலாம். அந்த நேர்ச்சைதான் என் வாயில் வந்தது. நான் மறைக்கக் கேட்டேன். தாய் என்னைப் பிழைக்க வைத்தாள். அவமானம் வராதிருந்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருப்பேனா? சைகோனுக்குப் போகிற கப்பலில் செத்திருப்பேன். இது எனக்குப் புரிந்தபோது அழுகை வந்தது, சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொன்னேன்.

வருஷம் ஒன்றாகிறது. இன்றும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். வீக்கம் எப்போதாவது வரும், போகும். கன்னியர் பள்ளிக்கூடத்தில் சின்னப் பெண்களுக்குப் பாடம் சொல்கிறேன். கலியாணம் இனி இல்லை. அந்த நினைப்பு வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உயிரோடு இருக்கிறேன், தாய்க்கு நன்றி சொல்கிறேன்.

உடம்பில் எதையாவது ஒளித்துவைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், நம்பிக் கேளுங்கள். கேட்டது வேறு விதமாக வந்தாலும் கையை மூடிக்கொள்ளாதீர்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பெண்கள் பக்கத்து வாசலில் நிற்பேன். முதலில் சேர்ந்து செபிப்போம். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வருகிறேன். டாக்டர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல்கிறேன்.