கீழ்வீட்டுக்குத் தள்ளிவிட்டவை

செத்து மூன்று நாளான எலியைக் குச்சியால் தள்ளினால் அது உருண்டு போகாது, வயிறு கிழிந்து குச்சியோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்த நாற்றம் மூக்கில் ஏறுவதோடு நிற்காமல் நாக்கிலும் படியும், இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எச்சில் துப்பத் தோன்றுகிறது.

செஞ்சியில் எங்கள் தெரு கோட்டை மலைப் பக்கமிருந்து சரிந்து இறங்கும். ஓரத்தில் திறந்த சாக்கடை, நாங்கள் சொல்வது "கால்வா". மீன் செதிலும், சீப்பில் சிக்கிய மயிரும், பிள்ளைகளின் மலமும் அதில்தான். பேரூராட்சி ஆள் எப்போதாவது வந்து அதில் இறங்கி அள்ளுவார். நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம், குடிக்கத் தண்ணீர் கேட்டால் செம்பு படாமல் அவர் கைக்குத் தூக்கி ஊற்றுவோம். அவர் வராத நாட்களில் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், முன்னால் தேங்கியதைத் தென்னை மட்டையால் அடுத்த வீட்டுக்குத் "தள்ளி உடுறது". மேல்வீட்டார் தள்ளியதோடு எங்களுடையதையும் சேர்த்து நாங்கள் கீழே தள்ளுவோம். எங்களுக்கு அடுத்த கடைசி வீடு பச்சையம்மா அக்காவுடையது; அவளுக்குத் தள்ள வீடில்லை, ரோட்டுக்கடியில் போகும் குறுகலான குழாய்தான். இதனாலேயே அவளுக்கும் என் அம்மாவுக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மகள் செல்வியைப் பெண் பார்க்கத் தளவானூரிலிருந்து பதினோரு மணிக்கு வருகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். முன்பு வந்த இரண்டு இடமும் வாசலிலேயே முகம் சுளித்துப் போனதும் தெரியும். விடிந்து பார்த்தால் குழாய் அடைத்து, அவள் வாசற்படி வரை கறுப்புத் தண்ணீர். பச்சையம்மா அக்கா அழுதுகொண்டே வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஊற்றியது திரும்பி வந்தது. முந்தின நாள் அந்தச் செத்த எலியை அவள் பக்கம் தள்ளியது நான்தான்.

அம்மா அவள் வாசலுக்குப் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டாள்.

மேல்வீட்டு சாவித்திரி அக்கா வாசலில் நின்றபடி கேட்டாள்: "இன்னாக்கா, பேரூராட்சில வேலைக்குச் சேந்துட்டியா? நம்ம தொடுற வேலையா இது?"

அம்மா ஒரு மயிர்க்கற்றையை உருவித் தூக்கிக் காட்டினாள். "வந்து பாருடி, ரெண்டு முழம் இருக்குது. இந்தத் தெருவுல உனக்குத்தான் இவ்ளோ நீட்டு. உன்னுத நீ தொட இன்னாடி வெக்கம்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவித்திரி அக்கா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடியே இறங்கினாள். பிறகு இன்னும் இரண்டு பேர். நைனா வரவில்லை, "எனக்குக் கொமட்டுது" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். மற்ற வீடுகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தன. பத்தரை மணிக்குக் குழாய் ஒரு ஏப்பம் விட்டுத் திறந்தது.

செல்விக்கு அந்த இடமே முடிந்தது. பச்சையம்மா அக்கா அப்போதும் அம்மாவிடம் பேசிவிடவில்லை, சொஜ்ஜியும் பஜ்ஜியும் செல்வியிடம் கொடுத்தனுப்பினாள். கை நாற்றம் போகவில்லையென்று அம்மா நாலு நாள் கரண்டியால் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து வாரியதைக் கீழே தள்ளாமல் கரையில் எடுத்துப் போட்டாள், அதைப் பார்த்துச் சில வீடுகளும். எங்கள் தெருவில் நடந்த நல்லதெல்லாம் இப்படித் திட்டிக்கொண்டே நடந்ததுதான், யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. பேரூராட்சி ஆளுக்கு மட்டும் அதற்குப் பிறகும் தண்ணீரைத் தூக்கியேதான் ஊற்றினோம். எலியைவிட அதுதான் எனக்கு இன்றைக்கு அதிகம் குமட்டுகிறது.

இப்போது கால்வாயே கண்ணில் படாது. மேலே சிமெண்ட் பலகை, அதன்மேல் வீட்டுக்கு வீடு வண்டி ஏற்றும் சரிவு. அடியில் என்ன போகிறதென்று யாருக்கும் தெரிய வேண்டாம். தெருவுக்கு வாட்ஸ்அப் குழு உண்டு, விடிந்தால் ரோஜாப்பூவும் அன்பைப் பற்றிய பொன்மொழியும் வந்து விழும். போன வாரம் மழையில் கடைசி வீட்டுக்குள் சாக்கடை ஏறியது. அங்கே வாடகைக்கு இருந்த பெண் கைக்குழந்தையோடு கட்டில்மேல் நின்றாள். குழுவில் பதினோரு போட்டோ வந்தது, எல்லாக் கோணத்திலும், கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அடைப்பை எடுக்கத் தங்கள் வீட்டுப் பலகையைப் பெயர்க்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. மறுநாளே அவள் வீட்டைக் காலி செய்தாள்.

அந்தப் பதினொன்றில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக விழுந்தது, நான் அவள் வாசலில் நின்று எடுத்தது.